குழாய் பூட்ட விடாத பிள்ளை

அம்மம்மா தன்ர செத்தவீட்டுக்கெண்டு ஒரு சீலையைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தா. மரண சகாய சங்கத்துக்கு மாதச் சந்தா கட்ட ஒருநாளும் பிந்தியதில்லை. அதையெல்லாம் வீட்டில் ஒருத்தரும் அபசகுனமாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு பின்னேரம் முருங்கையிலை உருவிக்கொண்டே, "கடைசியில எனக்குக் குழாய் கிழாய் பூட்ட விடாத பிள்ளை" எண்டா. "விளக்கு வைக்கிற நேரத்தில என்ன கதை இது?" எண்டுபோட்டு நான் எழும்பிப் போயிட்டன்.

இரண்டு மாதத்தில் பாரிசவாதம். வென்டிலேட்டர் போடுவதற்கு முன் டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: இவ இதைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறாவா? கம்பஸில் பழகின சிங்களத்தை வைத்து அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "ஐயோ, அப்பிடி ஒண்டும் கதைச்சதில்லை." கனடா மாமா வட்ஸ்அப்பில், "என்ன செலவெண்டாலும் பார்ப்பம்." (அரசாங்க ஆஸ்பத்திரியில் என்ன செலவு?) இரண்டையும் பிழையில்லாமல் டொக்டரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எந்த மொழியிலும் சொல்லவில்லை. பெரியாக்கள் கதைக்கிற இடம். நான் பேத்தி.

பதினொரு நாள் குழாயோடு கிடந்தா.

இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம், இப்படியான விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் எண்டு ஏற்றுக்கொண்டதைப் பிறகுதான் வாசித்தேன். போன கிழமை அம்மாவிடம் அதைச் சொல்லி, "உங்களுக்கு என்ன விருப்பம்?" எண்டு கேட்டேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடி" எண்டா.