தைலமும் சுவரும்

நம் பெண்கள் நோவென்றால் முதலில் தேடுவது தைலப் போத்தலைத்தான். அதில் தவறில்லை. கொட்டாஞ்சேனையிலுள்ள என் ராத்தாவுக்கு வலது தோள் இறுகியபோது, மாமி தினமும் உருவிவிட்டார். சுகமாயிருக்கும், அஸருக்குள் பழைய நோவு வந்துவிடும். தக்பீருக்குக் கையை உயர்த்தவே அவர் பட்ட பாடு!

நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் இது அதிகம் வருகிறது. நோவுக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால், மூட்டைச் சுற்றியுள்ள உறை மேலும் இறுகிப்போகிறது. கொழும்பு பெரியாஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதியில்தான் விஷயம் விளங்கியது. உருவுவது பாதி வேலை. தசை இளகியிருக்கும் அந்நேரத்திலேயே கையை அசைக்க வேண்டும். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டலாம். விரல்களைச் சுவரில் நண்டுபோல மேலே நடத்தலாம். இலேசான நோவு பரவாயில்லை, சுரீரென்றால் நிறுத்திவிட வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ராத்தா சுவரைத் தேடிப் போவார். விரல் எட்டிய இடத்தில் பென்சிற் கோடு. (எண்ணெய்க் கறைக்கு என் மனைவியின் முறைப்பாடு தனி.) மூன்று மாதத்தில் கோடு ஒரு சாண் ஏறியது. கை முதுகுப் பக்கம் போவதுதான் இன்னும் சிரமம்.

சகோதரிகளே, விழுந்து அடிபட்ட தோளையும், வீங்கிச் சூடாயிருக்கும் மூட்டையும் உருவ வேண்டாம். அதை முதலில் டாக்டர் பார்க்கட்டும்.