கிணிங்... கிணிங்... மணிலா தெருவில் 'அழுக்கு ஐஸ்க்ரீம்' வருது!

மணிலாவில் மதிய வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். தெருமுனையில் 'கிணிங் கிணிங்' என்று கைமணி ஓசை கேட்டதுமே சில்லறையைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள் குழந்தைகள். வருவது 'சோர்பெடெஸ்' வண்டி. தேங்காய்ப்பாலில் செய்யும் பிலிப்பைன்ஸ் ஐஸ்க்ரீம்!

19-ம் நூற்றாண்டில் அங்கே ஐஸ் என்பதே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1902-ல் அமெரிக்க ஆட்சியாளர்கள் மணிலாவில் ஐஸ் ஆலை கட்டிய பிறகு நிலைமை மாறியது. பசும்பாலுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. தென்னைக்கோ பஞ்சமே இல்லை. அதனால் தேங்காய்ப்பாலும் எருமைப்பாலும் ஐஸ்க்ரீமுக்குள் வந்தன.

பளிச்சென்று வண்ணம் அடித்த மரவண்டி. உள்ளே பெரும்பாலும் மூன்று உலோக உருளைகள், சுற்றிலும் ஐஸும் உப்பும். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் உருளையைக் கையால் சுழற்றச் சுழற்ற, உள்ளே இருக்கும் பால் இறுகும். கரன்ட் இல்லை, ஃப்ரீஸர் இல்லை. ஐஸ் கரைவதற்குள் விற்றாக வேண்டும். திடீரென மழை பிடித்துக்கொண்டால் வியாபாரி பாடு திண்டாட்டம்தான்.

சுவைகளில் ராஜா 'உபே'. கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் கிழங்கு. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிறார்களே ராசவள்ளிக்கிழங்கு, அதேதான்! மாம்பழம், அவகாடோ எல்லாம் உண்டு. சீஸ் ஐஸ்க்ரீம்கூட உண்டு. முகம் சுளிக்காதீர்கள், இனிப்போடு லேசான உப்பு அத்தனை பொருத்தம்.

இவ்வளவு இருந்தும் இதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'டர்ட்டி ஐஸ்க்ரீம்'. தெருவில் விற்பதால் வந்த பட்டம். வாங்கிச் சாப்பிடுபவர்கள் பலரும் செல்லமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், விடியலிலேயே எழுந்து உருளையைச் சுழற்றி, நாள் முழுக்க வண்டி தள்ளுகிற மனிதரின் சரக்குக்கு 'அழுக்கு' என்று பெயர் வைப்பது கொஞ்சம் அநியாயம்தான். இத்தனைக்கும் இந்த வியாபாரிக்காகவே 'மாமாங் சோர்பெடெரோ' என்றொரு பாட்டு உண்டு. செலஸ்டே லெகாஸ்பி பாடிய அது அங்கே பெரிய ஹிட்!

மணிலா போனால் கோனில் வாங்காதீர்கள். பன்னைப் பிளந்து உள்ளே மூன்று சுவையையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அங்கே அது சர்வசாதாரணம். உருகி வழிவதைப் பன் உறிஞ்சிக்கொள்ளும், சட்டையும் தப்பிக்கும்.