எந்த லூவேன்?

மேற்பட்டப் படிப்பிற்காகப் பிள்ளைகளை மேனாட்டிற்கு அனுப்ப விழையும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரின் பெயர் அடிபடுவது புதிதன்று. தமிழகக் குருக்களும் துறவியரும் இறையியல் பயின்று திரும்பிய ஊர் அது. ஆயினும், "லூவேனுக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று சொல்லும் மாணவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த லூவேன்?" என்பதே.

1425-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் தோன்றிய பல்கலைக்கழகம் அது. எராஸ்முஸ் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தார். அண்டம் விரிந்து கொண்டே செல்கின்றது என்று 1927-இல் எழுதிய குருவானவர் ஜார்ஜ் லெமேத்ரு அங்கே பேராசிரியராய் இருந்தார். 1914-இல் ஜெர்மானியப் படையினர் மூட்டிய தீயில் அதன் நூலகம் சாம்பலாயிற்று. அமெரிக்க மக்களின் நன்கொடையால் எழுந்து 1928-இல் திறக்கப்பட்ட புதிய நூலகமும் 1940-இல் மீண்டும் எரிந்தது. இரு போர்களையும் தாங்கி நின்ற கல்விக்கூடத்தை இறுதியில் பிளந்தது மொழிப் பூசல்! டச்சு மொழி வழங்கும் மண்ணில் பிரெஞ்சுப் பிரிவு இருத்தலாகாது என்ற கிளர்ச்சியில் 1968-இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. நூலகத்தின் நூல்களையும் ஒற்றைப்படை எண்கள் ஒரு தரப்பிற்கும் இரட்டைப்படை எண்கள் மறு தரப்பிற்குமாகப் பங்கிட்டனர். பல தொகுதிகள் கொண்ட நூல்கள் இரு ஊர்களில் சிதறின என்பர். கற்றறிந்தோர் செய்த பாகப்பிரிவினை இது!

டச்சுப் பிரிவு பழைய நகரிலேயே தங்கிற்று. பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலிருந்து இரயிலில் கால் மணி நேரப் பயணம். செங்கல் வீடுகளும் கல் பாவிய சந்துகளும் வாய்க்காலும் கொண்ட பெரிய பெகினேஜ், முற்காலத்தில் பக்தியுள்ள பெண்கள் கூடி வாழ்ந்த குடியிருப்பு. 1962-இல் பல்கலைக்கழகம் அதை வாங்கிச் செப்பனிட்டது. இன்று மாணவரும் அயல்நாட்டு அறிஞரும் அங்கே குடியிருக்கின்றனர். சற்றுத் தொலைவில், புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் நிலவறையில், மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரோடு வாழ்ந்து மாண்ட புனித தமியானின் கல்லறை உள்ளது. மேனாட்டு ஆலயங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று கவலையுறும் பெற்றோர்க்கு, பிள்ளை முழந்தாளிட இப்படியும் ஓரிடம் உண்டு என்பது ஆறுதல்.

பிரெஞ்சுப் பிரிவினர் தெற்கே வயல்வெளியில் 'லூவேன் லா நேவ்' என்னும் புத்தம்புது நகரை எழுப்பினர். 1971-இல் மன்னர் போதுவேன் அடிக்கல் நாட்டினார். மோட்டார் வண்டிகள் அடித்தளத்தில் ஓட, மேலே மக்கள் நடந்தே திரிகின்றனர். மருத்துவப் புலமோ பிரஸ்ஸல்ஸ் நகரிற்குச் சென்றுவிட்டது.

ஆகவே தேர்வு மொழியில் தொடங்குகின்றது. பழைய லூவேனில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் டச்சு மொழியிலேயே நடப்பினும், முதுநிலைப் பிரிவுகள் பல ஆங்கிலத்தில் உள்ளன. புதிய லூவேனில் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டெனினும் பிரெஞ்சே மேலோங்கி நிற்கும். இரண்டாண்டு முயன்று பிரெஞ்சு கற்ற மாணவர்க்குப் புதிய லூவேன் நல்ல வாய்ப்பு. கல்லாதவர்க்கு வகுப்பிற்கு வெளியே வாழ்வது கடினம். கட்டணம் பாடத்திற்குப் பாடம் மாறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர்க்குப் பல பிரிவுகளில் அது மிகுதி. பாட காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரை ஊதிய வேலை செய்யச் சட்டம் இடந்தருகின்றது. அதை நம்பி மட்டும் கடன் வாங்கி அனுப்புதல் தகாது என்பது என் கருத்து.

எந்த விவரக் கையேடும் விரித்துரைக்காத ஒன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையானால், பழைய லூவேனின் தெருக்களில் சக்கரப் பெட்டிகளின் கடகட ஒலி எழும். உள்நாட்டு மாணவர் அழுக்குத் துணிகளோடு தாய்வீடு செல்கின்றனர். ஞாயிறு மாலை வரை விடுதிகள் பாதி வெறுமையாய்க் கிடக்கும். அந்த இரு நாள்களைக் கழிக்கத் தெரிந்த பிள்ளையா என்பதைத் தாய்தான் அறிவாள். விண்ணப்பத்தை நிரப்பும் முன் அவளையும் அருகில் அமர்த்திக் கேட்பது நன்று.