ஆன்ம சோதனைச் சீட்டில் இல்லாத கேள்வி

தபசுக் காலம் வந்தால் தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீண்டுவிடும். கடலுக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மறைக்கல்விப் பிள்ளைகள் நாங்கள். உபதேசியார் கொடுத்த ஆன்ம சோதனைச் சீட்டு ஒவ்வொருவர் கையிலும் கசங்கிக்கொண்டிருக்கும். பொய் சொன்னாயா, பூசைக்கு வராமல் இருந்தாயா என்று கட்டளை வாரியாகக் கேள்விகள்.

ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறாம் கட்டளை மோக பாவத்தைச் சொன்னது. ஒன்பதாவது, பிறர் மனைவியை விரும்புவதைச் சொன்னது. பாடகர் குழுவில் என்னோடு பாடிய பையன் ஒரு ஞாயிறு வராவிட்டால் பூசை முழுக்க என் மனசு வாசலிலேயே நின்றதே, அதை எந்தக் கட்டளையில் சேர்ப்பது?

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்த அண்ணன் ஒருவரை, நடையும் கையசைப்பும் மென்மையாக இருந்ததற்காகவே, படிக்கட்டில் உட்கார்ந்து இளவட்டங்கள் கேலி செய்வார்கள். பெரியவர்கள் யாரும் அதட்டியதில்லை. அவர் நன்மை வாங்க வருவதை நிறுத்தினார். கடைசித் தூணருகே நின்று பூசை கண்டார். பிறகு அதற்கும் வரவில்லை. அவர் என்ன பாவம் செய்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்கத்தை நான் படித்தது அங்கேதான்.

கடைசியில் வயதான ஒரு சாமியாரிடம் திக்கித் திக்கிச் சொல்லிவிட்டேன். "மனசுல தோணுறது பாவம் இல்லப்பா. அத வச்சு நீ எப்படி நடக்குறங்கிறதுதான் கணக்கு. கடவுள் உன்ன வெறுக்கல," என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அது அவருடைய சொந்தக் கருணை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 1992-இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள எண்களைப் பின்னாளில் படித்தேன். ஒருபாலுறவுச் செயலை அது ஏற்கவில்லை. ஈர்ப்பையும் ஒழுங்கு பிறழ்ந்தது என்கிறது. அந்தச் சொல் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் ஈர்ப்பைப் பாவம் என்று அது சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. கற்பு நெறியும் எங்களுக்கென்று தனியாக விதித்த தண்டனை இல்லை. மணமானவர், துறவி, தனித்து வாழ்பவர் எல்லாரிடமும் அவரவர் நிலைக்கேற்பத் திருச்சபை அதைக் கேட்கிறது.

2009 ஜூனில் சென்னையில் என்னைப் போன்றவர்களின் முதல் வானவில் பேரணி நடந்தது. ஆங்கிலத்தில் அதை 'பிரைட்' என்பார்கள்; அகங்காரத்துக்கும் அதே சொல்தான். நிமிர்ந்து நடந்த அந்த முகங்களைப் படத்தில் பார்த்தேன். தலையான பாவங்களில் ஒன்றான அகங்காரம் அவற்றில் எனக்குத் தெரியவில்லை. குனிய வைக்கப்பட்டவர்கள் முதுகு நிமிர்த்துவதுதான் தெரிந்தது. அவர்கள் கேட்பது எல்லாவற்றுக்கும் என் திருச்சபை இணங்கவில்லை. அந்த இழுபறிக்குள்தான் நான் விசுவாசத்தோடு வாழ்கிறேன். கற்பைச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அதே வகுப்பில் மதிப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதியை விழுங்கிவிட்டால், மீதியைப் பிள்ளைகள் படிக்கட்டுக் கேலியிலிருந்துதான் படித்துக்கொள்வார்கள்.