கறுவாவுக்கும் ஊர் உண்டு

ஒரே பெயரைத் தாங்கிய இருவர் ஓரூரில் வாழ்ந்தால், ஒருவருக்கு வந்த கடிதம் மற்றவர் கைக்குப் போய்ச் சேர்வதுண்டு. கடிதம் மாறினால் நகைத்துவிட்டுப் போகலாம். மருந்து மாறினால் என் செய்வது?

இக்கேள்வியை எம் மனத்தில் எழுப்பியவர் வெள்ளவத்தையில் வாழும் எமது பெரியம்மா. நீரிழிவுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, நாள்தோறும் காலையில் ஒரு தேக்கரண்டி கறுவாத்தூளை வெந்நீரிற் கலந்து அருந்தி வந்தார். தூளோ கனடாவிலிருந்து மகள் அனுப்பியது. ஓராண்டு சென்றபின் நடந்த இரத்தப் பரிசோதனையில் ஈரலின் நிலை சரியில்லை எனத் தெரிந்தது. உண்பவை, குடிப்பவை யாவற்றையும் விசாரித்து வந்த வைத்தியர், கறுவாத்தூள் என்றதும் நிமிர்ந்தார்.

"எந்த ஊர்க் கறுவா, அம்மா?"

"கறுவாவுக்கும் ஊர் உண்டோ, டொக்டர்?" என்று பெரியம்மா திகைத்தார்.

விடை தேடி, அந்தப் போத்தலுடன் நாம் புறக்கோட்டைக்குச் சென்றோம். ஐந்தாம் குறுக்குத் தெருவை அடுத்த கபோஸ் ஒழுங்கையில் மருந்துச் சரக்குக் கடைகள் கண்ணிற் படுமுன்பே, சுக்கும் திப்பிலியும் வசம்பும் கலந்த வாசனை வந்து வரவேற்கும். எமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் இரு வகைப் பட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று இலங்கைக் கறுவா. தாள்போல் மெல்லிய பல பட்டைகள் ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டு, சுருட்டைப்போல் இருந்தது. விரலால் அழுத்தினால் நொறுங்கியது. மற்றது காசியா எனப்படும் சீனக் கறுவா. தடித்த ஒற்றைப் பட்டை; மரச்சில்லுப்போல் கடினமானது. பின்னர் போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

"தம்பி, பட்டையாய் இருந்தால் என் கண்ணும் விரலும் சொல்லிவிடும். தூளாக்கிவிட்டால் கடவுள்தான் சொல்ல வேண்டும்" என்று சிரித்தார்.

கடவுளுக்கு அடுத்தபடியாக அதனைச் சொல்லக்கூடியது இரசாயன ஆய்வு. இரு பட்டைகளுக்கும் மணம் தருவது பெரும்பாலும் சின்னமல்டிகைட்டு என்னும் ஒரே பொருள்தான். ஆனால், காசியாவில் கூமரின் என்ற மற்றொரு பொருள் மிகுதியாக உண்டு. இலங்கைக் கறுவாவிலோ அது மிகச் சிறிதளவே. கூமரின் மிகுந்தால் சிலருடைய ஈரலைத் தாக்கும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரையில் உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த எல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அஃது 6 மில்லிகிராம். ஏறத்தாழ 2 கிராம் காசியாத் தூளிலேயே அவ்வளவும் அடங்கிவிடக்கூடும். ஒரு தேக்கரண்டியில் அதனினும் அதிகம் கொள்ளும்! வட அமெரிக்காவில் கறுவா என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் காசியாவே.

இந்த ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது? 1906இல் ரஷ்யத் தாவரவியலாளர் சுவெட் என்பார், இலையின் சாற்றைச் சுண்ணத்தூள் நிரம்பிய குழாயினூடே வடியவிட்டு, பச்சையும் மஞ்சளுமான நிறங்கள் தனித்தனியே பிரிவதை எடுத்துக்காட்டினார். இன்று சரக்கின் எண்ணெயை ஆவியாக்கி நீண்ட நுண்குழாய் ஒன்றினுள் செலுத்துகின்றனர். உள்ளிருக்கும் பொருள்கள் தத்தமக்குரிய நேரத்தில் வெளியேறுகின்றன. ஒவ்வொன்றின் அளவும் தாளில் ஒரு சிகரமாகப் பதிவாகின்றது. உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் அச்சிகரங்களின் வரிசையே அச்சரக்கின் கைரேகை.

காசியாவும் இலங்கைக் கறுவாவும் வெவ்வேறு மரங்களாதலின், அவற்றைப் பிரித்தறிவது எளிது. நம் நாட்டுக் கறுவாமரமே மடகாஸ்கரிலும் சீசெல்ஸ் தீவுகளிலும் வளர்கின்றதே, அதனை எவ்வாறு அறிவது? மண்ணும் மழையும், பட்டையை உரிக்கும் பருவமும், உலர்த்தும் முறையும் பொருள்களின் விகிதத்தை மாற்றுகின்றன. ஒரே மரத்திற்கூட இலையைக் கசக்கினால் கராம்பு மணக்கும். வேர்ப்பட்டையிலோ கர்ப்பூரம் மணக்கும். ஆகவே ஒரு சிகரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறல் இயலாது. பிறந்த இடம் ஐயமின்றித் தெரிந்த பல மாதிரிகளைத் திரட்டி, முழு ரேகையையும் ஒப்பிட வேண்டும். நேர்மையாகத் திரட்டிய மாதிரிகள் இல்லையேல், எத்தனை விலையுயர்ந்த கருவியும் ஊமையே.

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. நம் நாட்டுப் பொருளொன்றுக்கு அங்குக் கிடைத்த முதலாவது குறியீடு இதுவே. ஆயினும், பெயரைச் சட்டம் காப்பது ஒருபுறமிருக்க, போத்தலுள் இருப்பது அப்பெயருக்கு உரியதுதானா என்று சோதித்தறியும் வல்லமையும் வேண்டுமன்றோ?

பெரியம்மா அத்தூளை நிறுத்தினார். இரண்டு மாதங்களில் ஈரல் பழைய நிலைக்கு மீண்டது. தூள்தான் காரணமென்று வைத்தியர் அறுதியிட்டுக் கூறவில்லை. வேறு மருந்துகளும் அவர் உண்டு வந்தவரே. எனினும், மருந்தென எண்ணி உண்ணும் எதனையும் வைத்தியரிடம் மறையாது கூறுதலும், சரக்கைத் தூளாக வாங்காது முழுதாக வாங்குதலும் நன்றென்பதை எம் குடும்பம் கற்றுக்கொண்டது.

"கறுவாத்தோட்டம் என்று பெயர் வைத்த பட்டினத்தில் இருந்துகொண்டு, கனடாவிலிருந்து கறுவா வரவழைத்தேனே!" என்று பெரியம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். கேட்டு நாமும் சிரிப்போம். ஆயினும் அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, பெயரோடு ஊரையும் கேட்க மறப்பதில்லை.