மலேசியா போனாலும் மோட்டார் ஓடணும்!

திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பிள்ளையைப் பார்க்க, கேமரன் மலைத் தோட்டங்களைப் பார்க்க என்று நம்மாட்கள் நிறையப் பேர் போய் வருகிறார்கள். கிளம்பும் முன் எல்லோரும் கேட்பது, 'அங்கே என்ன சிம் வாங்குறது?' என்றுதான். அதற்கு முன்னால், நம்முடைய இப்போதைய நம்பரை நம்பி ஊரில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

முதலில் மோட்டார். செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியவர்களுக்குத் தெரியும், பதிவு செய்த நம்பரிலிருந்து அழைத்தால்தான் அது கேட்கும். மலேசிய சிம்மில் அழைத்தால் அதற்கு நீங்கள் வேற்றாள். நம் சிம்மையே ரோமிங்கில் போட்டு அழைத்தாலும், சில நேரம் நம்பர் சரியாகப் போய்ச் சேராது. அதனால் வீட்டில் ஒருவர், பக்கத்து வயல்காரர் ஒருவர் என இரண்டு நம்பர்களை முன்கூட்டியே பதிந்து, ஓட்டியும் பார்த்துவிடுங்கள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் போகிறது. இங்கே ராத்திரி 10 மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால், அங்கே மணி 12.30. கல்யாண வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது வங்கி. ஓ.டி.பி. வருவது பழைய நம்பருக்குத்தான். இரண்டு சிம் போடும் போன் என்றால் இந்திய சிம்மைக் கழற்றாமல், மலேசிய சிம்மை இரண்டாவது இடத்தில் போடலாம். சர்வதேச ரோமிங் சேவையை ஊரிலேயே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். பேக் போடாமல் அந்த சிம்முக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும். குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப், நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் சிம் கடைகள் இருக்கும். ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யூ மொபைல் எனப் பல பெயர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே பதிந்து வாங்குங்கள்; வேறொருவர் பெயரில் பதிந்த சிம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடைக்காரரையே போட்டுத் தரச் சொல்லி, அங்கேயே வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு செய்து பார்த்துவிட்டு நகருங்கள். இன்னொன்று, 2021 முடிவோடு அங்கே 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். இணையம் வேண்டுமென்றால் 4ஜி போன் அவசியம். சார்ஜருக்கு அந்த ஊர் சதுர மூன்று முள் பிளக் அடாப்டரும் வேண்டும்.

இதில் பலரும் விடுவது, போகிற இடத்தைச் சொல்லாமல் சிம் வாங்குவதுதான். நகரத்துக்குள் எந்தக் கம்பெனியும் ஓடும். கேமரன் மலை அப்படியில்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். 1,400 மீட்டருக்கு மேலே, பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் பள்ளத்தாக்குகளில், ஒரு போனில் நான்கு கோடு காட்டும், பக்கத்தில் நிற்பவர் போன் செத்துக் கிடக்கும். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, வர்றவங்க எல்லாம் எத்தனை ஜி.பி., எத்தனை ரிங்கிட்னுதான் கேட்கிறாங்க. மலைக்கு வர்றேன், எது எடுக்கும்னு யாரும் கேட்கிறதில்லை." போகும் ஊரில் இருப்பவர் எந்த சிம் வைத்திருக்கிறாரோ, அதையே வாங்குவதுதான் என் யோசனை. ஐந்தாறு ரிங்கிட் கூடுதலானாலும் பரவாயில்லை.

ஒரு வாரப் பயணத்துக்கு மலைபோல் டேட்டா தேவையில்லை. பேச்சு அழைப்பு கொஞ்சம்தான் தின்னும். தோட்டத்தை வீடியோவில் காட்டிக்கொண்டே நடந்தால்தான் மணிக்குச் சில நூறு எம்.பி. போகும். இரண்டு மூன்று நாள் மட்டும் போகிறவர்கள் இந்திய கம்பெனியின் ரோமிங் பேக் விலையையும் கேட்டுப் பாருங்கள். அலைச்சல் மிச்சம்.

திரும்பி வந்ததும் ஸ்டார்ட்டரில் பதிந்த மற்ற நம்பர்களை அழித்துவிட வேண்டாம். பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதும் யாராவது மோட்டார் போட வேண்டுமே.