கிரீன் டீயில வாய் கொப்பளிச்சா சொத்தைப்பல் வராதா?

"கெமிக்கல் பேஸ்ட்டை நிறுத்திட்டோம் டாக்டர், பிள்ளைக்கு கிரீன் டீயிலதான் வாய் கொப்பளிக்க வைக்கிறோம்." காய்ச்சல், சளின்னு வர்ற பெற்றோர் இப்போ அடிக்கடி என்கிட்ட சொல்றது இது. அதனால இந்தத் திரெட்.

1/ இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒரு பாக்டீரியா, நாம சாப்பிடுற சர்க்கரையை அமிலமா மாத்தும். அதே சர்க்கரையில பசை செஞ்சு பல்லோட ஒட்டிக்கும். பிஹெச் சுமார் 5.5க்குக் கீழ போனா எனாமல் கரைய ஆரம்பிக்கும்.

2/ கிரீன் டீயில இருக்குற கேட்டகின்கள் அந்தப் பசையை உண்டாக்குற என்சைமைத் தடுக்கும். இது ஆய்வகத்துல பார்த்த உண்மை.

3/ ஆனா கிருமி குறையுறது வேற, சொத்தை வராம இருக்குறது வேற. கரைஞ்ச இடத்துல கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படியணும். அதுக்குக் கைகொடுக்குறது ஃபுளூரைடு.

4/ வேடிக்கை என்னன்னா, தேயிலையிலேயே இயற்கையா ஃபுளூரைடு இருக்கு! ஆனா ரொம்பக் கம்மி. பேஸ்ட்டுல 1000 பிபிஎம்மாவது வேணும்.

5/ "தருமபுரி பக்கம் பல்லு கறையாகுதே?" நியாயமான கேள்வி. அது நிலத்தடி நீர்ல இருக்குற அதிக ஃபுளூரைடை சின்ன வயசுல வருஷக்கணக்கா குடிச்சதால வந்தது. பேஸ்ட்டை நாம துப்பிடுறோம். 3 வயசுக்குள்ள அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு போதும். ஃபுளூரைடு பேஸ்ட்டை 2021ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்துடுச்சு.

6/ எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர்ல கொப்பளிக்காதீங்க. அதுவே அமிலம். தேன் கலந்த கஷாயமும் வேண்டாம், தேனும் சர்க்கரைதான்.

7/ "பால் பல்லுதானே, விழுந்துடும்"னு விடாதீங்க. கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காம அழுத 4 வயசுப் பிள்ளைங்களைப் பார்க்குறேன். வீக்கத்துக்கு நான் மருந்து எழுதலாம். அரிச்சுப்போன பல்லை என்னால திருப்பித் தர முடியாது.

8/ சுருக்கமா: ஃபுளூரைடு பேஸ்ட்டுல தினம் ரெண்டு வேளை. ராத்திரி துலக்கினப்புறம் தண்ணி மட்டும். இனிப்பைக் குறைங்க. பெரியவங்க சர்க்கரை போடாத கிரீன் டீயில கொப்பளிச்சா தப்பில்லை, ஆனா அது கூடுதல்தான். 6 வயசுக்குள்ள எந்த மவுத்வாஷும் வேண்டாம், முழுங்கிடுவாங்க.

பேஸ்ட் டப்பாவை எடுத்து ஃபுளூரைடு அளவை இன்னைக்கே பாருங்க.